கார்டை ஆஃப் செய்து வைக்கும் வசதி: ஆன்லைனில் வாங்குபவளின் மதிப்புரை

வங்கி ஆப்பில், கார்டைத் தேவைப்படும்போது மட்டும் ஆன் செய்துகொண்டு வேலை முடிந்ததும் ஆஃப் செய்து வைக்கும் வசதி இருக்கிறது. கட்டணம் கிடையாது. ஆன்லைனில் பொருள் வாங்குகிறவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள பாதுகாப்பு வேறு இல்லை என்று நான் உறுதியாகச் சொல்வேன். கூடவே, ஆன்லைன் கடைகளில் கார்டை சேவ் செய்யும்போது கார்டு எண்ணுக்குப் பதிலாக உருவாகும் டோக்கனைப் பற்றியும், மாதாமாதம் தானாகப் பிடிக்கப்படும் பணத்துக்கு வரும் முன்னறிவிப்பைப் பற்றியும் எழுதுகிறேன். எல்லாமே ரிசர்வ் வங்கியின் உத்தரவால் வந்தவை. அதனால் நீங்கள் எந்த வங்கியின் கார்டை வைத்திருந்தாலும் உங்களுக்கும் உண்டு. அந்தந்த வங்கி இவற்றை ஆப்பின் எந்த மூலையில் வைத்திருக்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

என்னைப் பற்றி இரண்டு வரி. ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மிக்ஸி ஜார், குக்கர் கேஸ்கெட், பையனுக்குப் புத்தகம், மாமியாருக்கு ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி என்று வீட்டுக்கு வேண்டியதில் பாதி ஆன்லைனில்தான் வருகிறது. ஒரு டெபிட் கார்டும் ஒரு கிரெடிட் கார்டும் இருக்கின்றன, இரண்டும் வெவ்வேறு வங்கி. ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் அப்பாவின் பென்ஷன் கணக்கு டெபிட் கார்டையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஆக, மூன்று வங்கி ஆப்களில் இந்த வசதிகளைப் பயன்படுத்திவிட்டுத்தான் எழுதுகிறேன். வங்கிகளின் பெயரைச் சொல்லப் போவதில்லை.

முதலில் அந்த ஸ்விட்ச். 2020 ஜனவரி 15 அன்று ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. புதிதாகக் கொடுக்கும் கார்டு, மறுபடி அச்சிட்டுக் கொடுக்கும் கார்டு எதுவானாலும் இந்தியாவுக்குள் ஏடிஎம்மிலும் கடை மெஷினிலும் மட்டுமே வேலை செய்ய வேண்டும். ஆன்லைன், வெளிநாட்டுப் பயன்பாடு, மெஷினில் கார்டைத் தட்டிப் பணம் கட்டும் முறை ஆகியவை வேண்டுமானால் கார்டுக்காரரே கேட்டு ஆன் செய்துகொள்ள வேண்டும். இருபத்துநான்கு மணி நேரமும் ஆன், ஆஃப் செய்யவும் லிமிட் மாற்றவும் வழி இருக்க வேண்டும், மாற்றம் நடந்தவுடன் மெசேஜ் வர வேண்டும். அதே ஆண்டு அக்டோபரில் இது முழுதாக நடைமுறைக்கு வந்தது.

இதன் அருமை எனக்குப் புரிந்தது அப்பா வீட்டில். முழங்காலுக்கு பெல்ட் வாங்க அவரே போனில் ஆர்டர் போட உட்கார்ந்திருந்தார். கார்டு நம்பர் அடிக்கிறார், போகவில்லை. மறுபடி அடிக்கிறார், போகவில்லை.

"ஏம்மா, கார்டு கெட்டுப்போச்சு போல. பேங்குல போய் மாத்தணும்" என்றார்.

"கெடலப்பா. புதுக் கார்டுல ஆன்லைன் ஆஃப்ல தான் இருக்கும். ஆப்பைத் திறங்க, காட்டுறேன்."

கார்டு என்ற இடத்தைத் தொட்டால் அவருடைய கார்டின் படம் வருகிறது. அதன் கீழே வரிசையாக ஏடிஎம், கடை மெஷின், ஆன்லைன், தட்டிக் கட்டுவது. அதற்கும் கீழே வெளிநாட்டுக்கு இதே வரிசை தனியாக. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்விட்ச், ஸ்விட்சுக்குக் கீழே ஒரு தொகை. உள்நாட்டு ஆன்லைனைத் தள்ளினோம். ஆப்பின் ரகசிய எண்ணான எம்பின் கேட்டது, அடித்தார். பச்சையானது. அடுத்த நொடி மெசேஜ் வந்தது: இன்ன எண்ணில் முடியும் கார்டுக்கு ஆன்லைன் பரிவர்த்தனை இயக்கப்பட்டது, நீங்கள் செய்யவில்லை என்றால் உடனே இந்த எண்ணுக்கு அழைக்கவும். பெல்ட்டுக்குப் பணம் போனது. திரும்ப ஆப்புக்கு வந்து ஆஃப் செய்தோம், மறுபடி ஒரு மெசேஜ்.

"முன்னாடி இதை ஆஃப் பண்ணி வெச்சது யாரு?"

"ரிசர்வ் பேங்க் உத்தரவுப்பா. கார்டு வரும்போதே இப்படித்தான் வரும்."

"நல்ல வேலை பண்ணியிருக்காங்க" என்று கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

பென்ஷன் பணம் முழுக்க இருக்கும் கணக்கு அது. அந்தக் கார்டு ஆன்லைனில் எப்போதும் ஆஃப். யாராவது எண்ணைத் தெரிந்துகொண்டாலும், ஓடிபியையே ஏமாற்றி வாங்கினாலும், அந்தக் கார்டை வைத்து ஒரு ரூபாய்க்கு ஆன்லைனில் எதுவும் வாங்க முடியாது. வயதானவர்களிடம் 'ஓடிபி சொல்லாதீங்க, லிங்க்கைத் தொடாதீங்க' என்று தினமும் சொல்வதைவிட, அவர்கள் மறந்தாலும் காசு போகாதபடி செய்து வைப்பது நிம்மதி. ஒன்று மட்டும் கவனம். ஸ்விட்ச் கார்டுக்கு மட்டும்தான். யூபிஐ, நெட் பேங்கிங் வழியாகப் போகும் பணத்தை இது தடுக்காது. அப்பாவின் கணக்கில் யூபிஐக்கும் தினசரி லிமிட்டைக் குறைத்து வைத்தோம்.

ஸ்மார்ட்போன் இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. ஆப், நெட் பேங்கிங், ஏடிஎம், தானியங்கி போன் சேவை எனப் பல வழிகளில் கொடுக்க வேண்டும் என்பதுதான் உத்தரவு. அப்பாவின் வங்கியில் கிளைக்கு நேராகப் போய் எழுதிக் கொடுத்தும் மாற்றலாம் என்று சொன்னார்கள்.

ஸ்விட்சைவிடப் பலரும் கவனிக்காதது அதன் கீழே இருக்கும் அந்தத் தொகை. என் டெபிட் கார்டில் ஆன்லைனை முதன்முதலாக ஆன் செய்தபோது லிமிட் ஒரு லட்சமாக இருந்தது. நான் வாங்கும் பொருள்களுக்கு ஒரு லட்சம் எதற்கு? மூன்றாயிரமாகக் குறைத்தேன். கிரைண்டர் மாதிரி பெரிதாக ஏதாவது வாங்கும் அன்று ஏற்றிவிட்டு, வாங்கியதும் இறக்கிவிடுவேன். ஏற்றுவது நொடியில் நடந்துவிடும். இன்னொரு வங்கியின் ஆப்பில் லிமிட்டை நகர்த்தும் பட்டியாக வைத்திருக்கிறார்கள். விரலால் நகர்த்தினால் ஐயாயிரம் ஐயாயிரமாகத் தாவுகிறது, மூன்றாயிரத்தில் நிறுத்த முடிவதில்லை. எண்ணை அடித்துக் கொடுக்கும்படி வைத்திருந்தால் எவ்வளவோ நல்லது.

அப்புறம் வெளிநாட்டு ஆன்லைன். இதை எல்லோரும் இன்றே பார்த்துவிட வேண்டும். இந்தியாவுக்குள் கார்டில் ஆன்லைனில் பணம் கட்ட கூடுதல் சரிபார்ப்பு 2009 ஆகஸ்ட் முதலே கட்டாயம். நமக்கெல்லாம் ஓடிபி பழகிப்போனது அதனால்தான். ஆனால் பல வெளிநாட்டுத் தளங்களில் கார்டு எண், காலாவதி மாதம், கார்டின் பின்பக்கத்து ரகசிய எண்ணான சிவிவி ஆகிய மூன்றும் இருந்தாலே பணம் போய்விடும், ஓடிபி கேட்பதில்லை. இரவு நேரத்தில் டாலரில் பணம் போய்விட்டதாக மெசேஜ் வருவதாகச் சொல்கிறார்களே, அது பெரும்பாலும் இந்த வழிதான். என் மூன்று கார்டிலும் வெளிநாட்டு வரிசை முழுக்க ஆஃப். வெளிநாட்டுத் தளத்தில் ஏதாவது படிப்புக்குப் பணம் கட்ட வேண்டி வந்தால், கட்டும் அந்த ஐந்து நிமிடத்துக்கு ஆன் செய்தால் போதும். இந்த ஒன்றுக்காகவே ஸ்விட்ச் வசதிக்கு ஐந்துக்கு ஐந்து கொடுக்கிறேன்.

சிரமம் இல்லாமல் இல்லை. எங்கள் வங்கியில் ஆன்லைனை ஆஃப் செய்துவிட்டால் டோக்கன் வழியாகக் கட்டுவதும் நின்றுவிடுகிறது, மாதச் சந்தாவும் நின்றுவிடுகிறது. அதனால் சந்தாக்களை எல்லாம் லிமிட் குறைந்த கிரெடிட் கார்டில் போட்டுவிட்டேன். அது ஆனிலேயே இருக்கும். டெபிட் கார்டு வாங்கும்போது மட்டும் ஆன். திருப்பி அனுப்பிய பொருளுக்கு ரீஃபண்ட் வருமா என்று பயம் வேண்டாம், ஆஃப் செய்திருந்தபோதும் எனக்குச் சரியாக வந்தது.

இனி டோக்கன். இதைத்தான் பலர் தப்பாகப் புரிந்து வைத்திருக்கிறார்கள். கடையில் கார்டை சேவ் செய்தாலே ஆபத்து என்று எங்கள் ஆபீஸில் இன்றும் சொல்கிறார்கள். முன்பு அது சரி. 2022 செப்டம்பர் வரை கடைகளும் பேமென்ட் நிறுவனங்களும் நம் கார்டு எண்ணைத் தங்கள் கணினியில் வைத்திருக்க முடிந்தது. ஜஸ்பே என்ற பேமென்ட் நிறுவனத்திலிருந்து 2020 ஆகஸ்டில் தகவல் திருடப்பட்டு, 2021 ஜனவரியில் அது வெளியே தெரிந்தபோது, சுமார் மூன்றரைக் கோடி கார்டுப் பதிவுகள் அதில் இருந்தன. நடு எண்கள் மறைக்கப்பட்ட பதிவுகள்தான், முழு எண் போகவில்லை என்று நிறுவனம் சொன்னது. ஆனாலும் நம் கார்டு நமக்குத் தெரியாத எத்தனை கணினிகளில் உட்கார்ந்திருக்கிறது என்பது அன்றைக்குத்தான் பலருக்கு உறைத்தது.

2022 அக்டோபர் 1 முதல் கார்டு கொடுத்த வங்கியும், விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற கார்டு நெட்வொர்க்கும் தவிர வேறு யாரும் கார்டு எண்ணைச் சேமித்து வைக்கக் கூடாது, ஏற்கெனவே வைத்திருந்ததையும் அழிக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. கடை வைத்துக்கொள்ளலாம் என்று விட்டது கடைசி நான்கு எண்ணையும் வங்கியின் பெயரையும் மட்டும். நாம் சேவ் கொடுத்தால் கார்டு எண்ணுக்குப் பதிலாக ஒரு டோக்கன் எண் உருவாகிறது. அது அந்தக் கார்டுக்கும் அந்தக் கடைக்கும் மட்டும் உரியது. எங்கள் மில் கேட்டில் லாரிக்குக் கொடுக்கும் பாஸ் மாதிரி: அதில் லாரி எண் எழுதியிருக்கும், வேறு லாரி அதைக் கொண்டுவந்து நீட்டினால் கேட் திறக்காது. கடையின் கணினியை நாளைக்கு யாராவது உடைத்தாலும் கிடைப்பது வேறெங்கும் செல்லாத ஒரு எண்.

செக் அவுட் பக்கத்தில் கார்டு விவரம் அடிக்கும் இடத்துக்குக் கீழே, ரிசர்வ் வங்கி விதிப்படி இந்தக் கார்டைப் பாதுகாத்து வைக்கவா என்கிற மாதிரி ஒரு வரியும் பக்கத்தில் ஒரு கட்டமும் இருக்கும். அதில் டிக் செய்து ஓடிபி கொடுத்தால் டோக்கன் உருவாகும். அடுத்த முறை கடைசி நான்கு எண் தெரியும், சிவிவியும் ஓடிபியும் மட்டும் கேட்கும். சில இடங்களில் சிவிவிகூடக் கேட்பதில்லை. பணம் எதுவும் வாங்குவதில்லை. டோக்கன் வேண்டாம் என்றால் விட்டுவிடலாம், ஒவ்வொரு முறையும் எண்ணை அடித்துக்கொள்ளலாம்.

ஆனால் ஒவ்வொரு முறையும் அடிப்பதுதான் பாதுகாப்பு என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பிரிட்டிஷ் ஏர்வேஸ் என்ற விமான நிறுவனத்தின் கதையைப் பாருங்கள். 2018 ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் முதல் வாரம் வரை அவர்களுடைய இணையதளத்தில், பணம் கட்டும் பக்கத்திலேயே, திருடர்கள் சில வரி நிரலைச் சொருகிவிட்டார்கள். வாடிக்கையாளர் எண்ணை அடிக்க அடிக்க அது நகலெடுத்துத் திருடர்களுக்கு அனுப்பியது. தளம் அசல், முகவரி அசல், இணைப்பும் மறையாக்கம் செய்யப்பட்டது. டிக்கெட்டும் சரியாக வந்தது. சிவிவியை யாரும் சேமித்து வைக்கக் கூடாது என்பது உலகம் முழுக்க இருக்கும் கார்டு விதி. ஆனால் இங்கே அடிக்கும்போதே எடுத்ததால் சிவிவியும் போனது. பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் 2020 அக்டோபரில் அவர்களுக்கு இரண்டு கோடி பவுண்டு அபராதம் போட்டது. நாம் எவ்வளவு ஜாக்கிரதையாகப் பார்த்தாலும் இப்படி ஒன்றைக் கண்டுபிடிக்க முடியாது. எண்ணை அடிக்கும் தடவைகளைக் குறைப்பதுதான் நம் கையில் இருக்கிறது. அடிக்கடி வாங்கும் கடையில் ஒரே ஒரு முறை அடித்து டோக்கன் ஆக்கிவிட்டால் அங்கே மறுபடி அடிக்க வேண்டியதே இல்லை. எப்போதோ ஒரு முறை வாங்கும் புதுக் கடைக்கு நான் கார்டே கொடுப்பதில்லை. யூபிஐ அல்லது பொருள் வந்ததும் பணம்.

டோக்கனில் குறைகளும் உண்டு. முதல் குறை கடைகளுடையது. கேட்காமல் டிக் போட்டு வைக்கக் கூடாது, வாடிக்கையாளர் தானாகச் சம்மதிக்க வேண்டும் என்று விதியிலேயே இருக்கிறது. அப்படியிருந்தும் ஒரு துணிக்கடைத் தளத்தில் அந்தக் கட்டம் ஏற்கெனவே டிக் ஆகி இருந்ததை நான் பார்த்தேன். அவசரத்தில் கீழே பார்க்காமல் போனால் சம்மதம் கொடுத்ததாகிவிடும். டோக்கன் ஆபத்தில்லை என்றாலும், என்னைக் கேட்காமல் செய்ய உரிமை கிடையாது.

இரண்டாவது குறை வங்கிகளுடையது, இதுதான் எனக்குப் பெரிய வருத்தம். எந்தெந்தக் கடையில் நம் கார்டுக்கு டோக்கன் இருக்கிறது என்ற பட்டியலை வங்கி காட்ட வேண்டும், வேண்டாததை நீக்க வழி தர வேண்டும். இதுவும் விதிதான். என் கிரெடிட் கார்டு ஆப்பில் அது இருக்கிறது: கார்டு, அதற்குள் சேவைகள், அதற்குள் மேலும் என்பதைத் தொட்டு, கடைசி வரை தள்ளினால் டோக்கன் நிர்வாகம் என்று வரும். டெபிட் கார்டு வங்கியின் ஆப்பில் கிடையவே கிடையாது, நெட் பேங்கிங்கில் கணினி வழியாகப் போனால்தான் உண்டு. வாடிக்கையாளர் சேவைக்கு போன் போட்டுக் கேட்டபோது எதிர்முனையில் இருந்த பெண்ணுக்கு நான் கேட்பது என்னவென்றே தெரியவில்லை. 'அந்தந்தக் கடை ஆப்புக்குப் போய் சேவ் செய்த கார்டை டெலீட் பண்ணுங்க மேடம்' என்றார். அவர் பாவம், யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை போலிருக்கிறது. பட்டியலைத் திறந்து பார்த்தால் ஆச்சரியமாக இருந்தது. போனிலிருந்து எப்போதோ எடுத்துவிட்ட உணவு ஆப், ஒரு கல்யாணத்துக்குப் பரிசு அனுப்பிய தளம், பையன் ஏதோ விளையாட்டுக்காகச் சேர்த்த ஒன்று, எல்லாம் அதில் இருந்தன. ஆப்பை போனிலிருந்து எடுப்பதால் டோக்கன் போவதில்லை. வேண்டாதவற்றை அங்கேயே நீக்கினேன். கார்டுக்கு ஒன்றும் ஆகாது, அந்தக் கடைக்கான டோக்கன் மட்டும் செத்துப்போகும். டோக்கன் வசதிக்கு நான்கு மதிப்பெண் கொடுக்கலாம், அதைக் காட்டும் பட்டியலுக்கு இரண்டுக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை. ஸ்விட்சுகள் இருக்கும் அதே பக்கத்தில் அந்தப் பட்டியலும் இருக்க வேண்டும்.

மாதச் சந்தாவைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றும் இல்லை, நன்றாகவே வேலை செய்கிறது. 2021 அக்டோபர் முதல், கார்டில் தானாகப் பணம் பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பாவது தகவல் வந்தாக வேண்டும். வேண்டாம் என்றால் அப்போதே நிறுத்திவிடலாம். 15,000 ரூபாய் வரை ஓடிபி கேட்காமல் பிடிப்பார்கள். இன்ஷூரன்ஸ், மியூச்சுவல் ஃபண்ட், கிரெடிட் கார்டு பில் ஆகியவற்றுக்கு அந்த வரம்பு ஒரு லட்சம். மூன்று மாதம் இலவசம் என்று கார்டு வாங்கிக்கொண்டு நான்காவது மாதம் சத்தமில்லாமல் காசு எடுக்கும் வேலை இதனால் குறைந்திருக்கிறது. மெசேஜைப் படித்தால் போதும்.

மெசேஜ் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று. ஓடிபி மெசேஜில் ஆறு எண்ணை மட்டும் பார்த்துவிட்டு அடிக்கிறோம். முழுதாகப் படியுங்கள். எவ்வளவு ரூபாய்க்கு, யாருக்கு என்று அதிலேயே இருக்கும். கடையின் பெயருக்குப் பதில் பேமென்ட் நிறுவனத்தின் பெயர் இருந்தால் கவலைப்பட வேண்டாம், அது வழக்கம். தொகை மாறியிருந்தால் நிறுத்துங்கள். 'உங்க ரீஃபண்டை அனுப்பணும், வந்திருக்கிற ஓடிபியைச் சொல்லுங்க' என்று போன் வந்தால், உடனே அந்த மெசேஜைப் பாருங்கள். உங்கள் கார்டிலிருந்து இவ்வளவு கழிக்க என்றுதான் எழுதியிருக்கும். ரீஃபண்ட் நம் கணக்குக்கு வர ஓடிபி தேவையே இல்லை. பக்கத்து வீட்டு அக்காவிடம் இதை அந்த மெசேஜைத் திறந்து வரிக்கு வரி காட்டிச் சொன்னேன். அதன் பிறகு ஓடிபி வந்தால் அவர் தொகையைத்தான் முதலில் வாசிக்கிறார்.

டோக்கன் விதி காப்பாற்றாத இடம் ஒன்று உண்டு: நம் போன் கேலரி. 'அந்தக் கார்டை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்புடி, புடவை புக் பண்ணிக்கிறேன்' என்று அக்கா தங்கைக்குள் கேட்பது சாதாரணமாகிவிட்டது. முன்பக்கம், பின்பக்கம் இரண்டும். எண்ணும் சிவிவியும் காலாவதி மாதமும் ஒரே இடத்தில், இரண்டு போனிலும், இரண்டு பேரின் பேக்கப்பிலும் உட்கார்ந்துவிடுகிறது. அதற்குப் பிறகு, கார்டு எண்ணைக் கடை சேமிக்கக் கூடாது என்ற விதி இருந்தும் வீண். தங்கைக்குப் புடவை வேண்டுமென்றால் லிங்க்கை அனுப்பச் சொல்லி நீங்களே பணம் கட்டுங்கள்.

கடையே போலி என்றால் டோக்கன் என்ன செய்யும்? எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். தீபாவளிக்கு முன்னால் சிவகாசி பட்டாசு பாதி விலையில் என்று புதுப்புது தளங்கள் முளைக்கும். ஆன்லைனில் பட்டாசு விற்பதை உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரிலேயே தடை செய்துவிட்டது. போலித் தளங்களைப் பற்றித் தமிழ்நாடு சைபர் குற்றப் பிரிவு போலீஸும் எச்சரிக்கை கொடுத்திருக்கிறது. ஊர்ப் பெயரையும் ஆலைப் படத்தையும் போட்டுவிட்டால் வெளியூர்க்காரர்கள் நம்பிவிடுகிறார்கள். முகவரிப் பட்டையில் பூட்டுப் படம் இருந்தால் நல்ல தளம் என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். பூட்டு காட்டுவது, நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதை மட்டும். மறுமுனையில் இருப்பவர் யோக்கியர் என்று அது சொல்லவில்லை. போலித் தளமும் அந்தப் பூட்டை வாங்கிக்கொள்ளலாம். அதனால்தான் 2023-ல் குரோம் பிரவுசர் அந்தப் படத்தையே எடுத்துவிட்டது. வங்கித் தளங்களுக்கு மட்டும் இப்போது ஒரு நல்ல அடையாளம் வந்திருக்கிறது. முகவரி டாட் பேங்க் டாட் இன் என்று முடிய வேண்டும். 2025 அக்டோபர் 31-க்குள் எல்லா வங்கிகளும் அதற்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொன்னது, அந்த முகவரி வங்கிகளுக்கு மட்டும்தான் கிடைக்கும். என் இரண்டு வங்கிகளும் மாறிவிட்டன. பழைய முகவரியை புக்மார்க்கில் வைத்திருந்தவர்கள் மாற்றிக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்கும் மேல் பணம் போய்விட்டால் என்ன செய்வது? 2017 ஜூலை 6-ல் ரிசர்வ் வங்கி போட்ட விதி ஒன்று உண்டு. தவறு வங்கியிடமும் இல்லை, நம்மிடமும் இல்லை, வேறெங்கோ தகவல் திருடப்பட்டது என்றால், மெசேஜ் வந்ததிலிருந்து மூன்று வேலை நாளுக்குள் வங்கிக்குச் சொல்லிவிட்டால் நமக்கு நஷ்டம் ஒரு ரூபாயும் கிடையாது. நான்கு முதல் ஏழு வேலை நாள் என்றால் நம் பங்குக்கு ஒரு வரம்பு உண்டு, சாதாரண சேமிப்புக் கணக்குக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய். சொன்னதிலிருந்து பத்து வேலை நாளுக்குள் தொகையைத் தற்காலிகமாகக் கணக்கில் திரும்ப வைக்க வேண்டும். தவறு வாடிக்கையாளருடையது என்று வங்கி சொன்னால் அதை நிரூபிக்க வேண்டியது வங்கியின் பொறுப்பு. நாமே ஓடிபியைச் சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போன பணம் நம் தலையில். தெரிவித்த பிறகு போனால் வங்கியின் தலையில். அதனால் நேரம்தான் முக்கியம்: முதலில் ஆப்பில் கார்டை பிளாக் செய்யுங்கள், உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்கு போன் போடுங்கள், அப்புறம் அரசின் சைபர் கிரைம் தளத்தில் புகாரைப் பதிவு செய்யுங்கள். புகார் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

டெபிட்டா, கிரெடிட்டா என்று கேட்பவர்களுக்கு: ஆன்லைனுக்கு நான் கிரெடிட் கார்டைத்தான் சொல்வேன், செலவைக் கட்டுப்படுத்த முடியும் என்றால். தகராறு வந்தால் நிற்பது வங்கியின் பணம், மளிகைக்கு வைத்திருந்த நம் பணம் அங்கேயே இருக்கும். கிரெடிட் கார்டு வேண்டாம் என்பவர்கள் தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு வைத்து, வாங்கும் அளவுக்கு மட்டும் பணத்தை மாற்றிக்கொண்டு அதன் டெபிட் கார்டைப் பயன்படுத்தலாம். எங்கள் கணக்குப் பிரிவில் இப்போது அப்படித்தான் பலர் செய்கிறார்கள்.

அடுத்த வருடம் என் டெபிட் கார்டு காலாவதியாகிறது. புதுக் கார்டு வந்தால் பழைய டோக்கன்கள் தொடராது, ஒவ்வொரு கடையிலும் புதிதாகச் சம்மதம் கொடுத்துப் புது டோக்கன் உருவாக்க வேண்டும். சிலருக்கு இது தொல்லை, எனக்கு வசதி. பலசரக்கு வாங்கும் கடை ஒன்று, புத்தகக் கடை ஒன்று, இரண்டில் மட்டும் சேர்க்கப் போகிறேன். அதற்குள்ளாவது அந்த வங்கி டோக்கன் பட்டியலை ஆப்புக்குள் கொண்டுவந்து வைக்கட்டும் என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். பரிசீலிக்கிறோம் என்று பதில் வந்திருக்கிறது.